அக்காவுக்கு, அலாஸ்கா கப்பல் விஷயமாக

அன்புள்ள அக்கா,

மாமனாரையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு அலாஸ்காவுக்கு எந்த உல்லாசக் கப்பலில் போகலாம் என்று கேட்டு நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் பார்த்தேன். கப்பலின் படம் இருக்கிறது, விலை இருக்கிறது, மேல்தளத்தில் கோ-கார்ட் ஓட்டுகிற தடம்கூட இருக்கிறது. கப்பல் எந்த வழியாகப் போகிறது, எந்த ஊரில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பது மட்டும் எதிலும் இல்லை. வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்து அது நீண்டுகொண்டே போனதால் இங்கேயே போடுகிறேன். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆகட்டும். அத்தான் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரீபியன் பக்கம் போவதானால் கப்பலைப் பார்த்து எடு, அங்கே கப்பல்தான் பாதி ஊர். அலாஸ்காவுக்கு வழியைப் பார்த்து எடு, கப்பல் அதற்கப்புறம். உன் மாமனாரும் மாமியாரும் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, மலையும் பனியும் ஓடுகிற பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நீச்சல் குளத்தோரம் உட்காரப் போவதில்லை.

சியாட்டிலில் கிளம்புகிற கப்பல் என்றால் என் வீட்டில் இரண்டு நாள் தங்கலாம், விமானமும் மலிவு என்று எழுதியிருக்கிறாய். சரிதான். ஆனால் சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக் வழியாகத்தான் வடக்கே போகும். முதல் முழு நாளும் கடல், கடல், கடல்தான். அலையும் இருக்கும், கரையும் தெரியாது. வான்கூவர் நகரம் அந்தத் தீவில் இல்லை, எதிரே கனடா நிலத்தில் இருக்கிறது. அங்கே கிளம்புகிற கப்பல் அதே தீவுக்குக் கிழக்கே, தீவுக்கும் கனடா நிலத்துக்கும் நடுவில் இருக்கிற ஒடுங்கிய கடல் வழியாகப் போகும். இன்சைட் பாசேஜ் என்று எல்லா விளம்பரத்திலும் போடுகிறார்களே, அதன் தென்பாதி இதுதான். இரண்டு பக்கமும் காடு, தண்ணீர் பெரும்பாலும் ஏரி மாதிரி அசையாமல் கிடக்கும். அந்த வழியில் சேமூர் நேரோஸ் என்று ஓர் இடுக்கு வரும், ஓத நீர் அவ்வளவு வேகமாக ஓடுகிற இடம் என்பதால் பெரிய கப்பல்கள் நீரோட்டம் அடங்குகிற வேளை பார்த்துத்தான் அதைத் தாண்டும். நடுவில் ரிப்பிள் ராக் என்று ஒரு பாறை கப்பல்களை உடைத்துக்கொண்டே இருந்தது. 1958 ஏப்ரலில் கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்து அதன் தலையைத் தகர்த்தார்கள், அணுகுண்டு அல்லாத வெடிப்புகளில் அது உலகத்திலேயே பெரியவற்றுள் ஒன்று. அத்தானுக்கு இந்த மாதிரிக் கதை பிடிக்கும், கப்பலில் ஏறியதும் சொல்.

வான்கூவர் என்றால் என் வீட்டுக்கு வர முடியாதே என்று யோசிக்காதே. இங்கேயிருந்து சாலையில் மூன்று மணி நேரம், எல்லையில் வரிசை நீண்டால் நாலு. நானே கொண்டுபோய் விடுகிறேன்.

கனடா விசா தொல்லை வேண்டாம் என்றுதான் சியாட்டிலைப் பிடித்தேன் என்று நீ சொல்வாய். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 1886-ல் போட்ட ஒரு சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கிற கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய ஆளை, நடுவில் வேறு நாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகத்திலேயே இறக்கிவிடக் கூடாது. பெரிய குரூஸ் கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பெர்முடா, பனாமா, நெதர்லாந்து மாதிரி நாடுகளில் பதிவானவை. அதனால்தான் சியாட்டில் கப்பல்களில் பெரும்பாலானவை கடைசி ராத்திரி கனடாவில் இருக்கிற விக்டோரியாவில் வந்து நிற்கின்றன, பல கப்பல்கள் இருட்டுகிற நேரத்தில் வந்து நள்ளிரவுக்குள் கிளம்பிவிடும். ஊர் பார்க்க நிற்பது மாதிரி இருக்கும், உண்மையில் சட்டத்துக்காக நிற்பது. நீங்கள் இறங்காவிட்டாலும் கப்பல் கனடாவுக்குள் நுழைகிறது, ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்டில் வருகிற மாமாவுக்கும் அத்தைக்கும் எப்படியும் கனடா விசா வேண்டும். உனக்கும் அத்தானுக்கும் கிரீன் கார்டு இருப்பதால் அதுவும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் போதும். விசா எடுத்தே ஆகவேண்டும் என்றான பிறகு, அதை வைத்து நல்ல வழியிலேயே போகலாமே.

அடுத்தது பனிப்பாறை. கடலில் மிதக்கிறதைச் சொல்லவில்லை, மலையிலிருந்து கடல் வரை இறங்கி நிற்கிற கிளேசியரைச் சொல்கிறேன். நீ அனுப்பியதில் ஒன்றில் 'பனிப்பாறைக் காட்சி' என்று மொட்டையாகப் போட்டிருக்கிறார்கள். எந்தப் பனிப்பாறை என்று கேள். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய குரூஸ் கப்பல்களுக்கு மேல் விடமாட்டார்கள். அந்த அனுமதியில் பெரும்பகுதி பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, நார்வீஜியன் கம்பெனிகளிடம் இருக்கிறது, அதிலும் அவர்களுடைய எல்லாக் கப்பலும் எல்லா வாரமும் உள்ளே போவதில்லை, உன் தேதிக்கு உண்டா என்று பார்க்கவேண்டும். காலையில் பூங்கா ரேஞ்சர்கள் சின்னப் படகில் வந்து கப்பலில் ஏறிக்கொள்வார்கள், நாள் முழுக்க ஒலிபெருக்கியில் அவர்கள்தான் பேசுவார்கள், நன்றாகவே பேசுவார்கள். கப்பல் எங்கும் கரை தொடாது. மார்ஜரி பனிப்பாறைக்கு முன்னால் வெகுநேரம் நின்று, இரண்டு பக்கத்தில் இருப்பவர்களும் பார்க்கும்படி மெதுவாகத் திரும்பும். அந்தப் பனிச் சுவர் ஏறக்குறைய ஒரு மைல் அகலம், தண்ணீருக்கு மேலே இருபது மாடி உயரம் இருக்கும்.

அந்த இடத்தின் வயதைக் கேட்டால் உனக்கு நம்பிக்கை வராது. 1794-ல் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கேப்டனின் ஆட்கள் அந்தப் பக்கம் போனபோது அங்கே விரிகுடா என்று பெரிதாக எதுவும் கிடையாது, வாய்க்குக் கொஞ்சம் உள்ளேயே பனி அடைத்துக்கொண்டு நின்றது. 1879-ல் ஜான் மியூர் என்ற இயற்கை ஆய்வாளர் துடுப்புப் படகில் போனபோது பனி முப்பது மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்றைக்கு நீங்கள் கப்பலில் போகப்போவது 65 மைல் நீளத் தண்ணீரில். பனி முன்னேறி வந்தபோது அந்த நிலத்திலிருந்து துரத்தப்பட்ட ஹூனா டிலிங்கிட் பழங்குடி மக்களின் வாரிசுகள் இன்னும் பக்கத்தில் ஹூனா ஊரில் இருக்கிறார்கள். ஐசி ஸ்ட்ரெய்ட் பாயின்ட் என்று சில கப்பல்கள் நிற்கிற துறைமுகம் அவர்களுடையதுதான்.

கிளேசியர் பே கிடைக்காவிட்டால் ஹப்பார்ட் பனிப்பாறை. அதன் முகப்பு ஆறு மைல் அகலம். ஊரெல்லாம் பனிப்பாறை உருகிப் பின்வாங்க, இதுவோ முன்னேறி வருகிறது, 1986-லும் 2002-லும் பக்கத்தில் மலைகளுக்குள் நுழைகிற ஒடுங்கிய கடலின் வாயையே அடைத்துவிட்டது. டிரேசி ஆர்ம் பனிப்பாறை இருக்கிற இன்னொரு இடம், அந்தப் பெயர் போட்ட பழைய விளம்பரம் கண்ணில் பட்டால் கொஞ்சம் விசாரி. 2025 ஆகஸ்டில் அங்கே மலைச்சரிவு விழுந்து பெரிய அலை கிளம்பியது, அதற்கப்புறம் கம்பெனிகள் பக்கத்தில் இருக்கிற எண்டிகாட் ஆர்முக்கு மாற்றிக்கொண்டன. அதுவும் அழகுதான், ஆனால் ஒடுக்கமான இடம், மிதக்கிற பனி அதிகமாக இருக்கிற நாளில் பெரிய கப்பல் கடைசி வரை போகாமல் திரும்பிவிடும்.

துறைமுகங்களில் நேரத்தைப் பார். ஜூனோவில் பகலில் எட்டு ஒன்பது மணி நேரம் நிற்கிற கப்பலும் உண்டு, சாயங்காலம் வந்து ராத்திரி கிளம்புகிற கப்பலும் உண்டு, விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஜூனோ, அலாஸ்காவின் தலைநகரம், வெளியிலிருந்து சாலையே கிடையாது, கப்பலிலோ விமானத்திலோதான் போகமுடியும். சுமார் 32,000 பேர் இருக்கிற ஊர். கூட்டம் தாங்காமல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்தான் என்று 2024-லிருந்து வரம்பு வைத்திருக்கிறார்கள். ஸ்காக்வேயில் நிரந்தரமாக இருப்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம்தான், கூட்டமான நாளில் அங்கே பத்தாயிரம் பேர் வந்து இறங்குகிறார்கள். ஸ்காக்வேயில் மாமாவையும் அத்தையையும் வொயிட் பாஸ் ரயிலில் ஏற்றிவிடு, வேறு எதுவும் வேண்டாம். 1898-ல் தங்கம் தேடிப்போன கூட்டத்துக்காகப் போட ஆரம்பித்த பாதை, நம் ஊட்டி ரயிலைவிடவும் குறுகலான தண்டவாளம், இருபது மைலில் ஏறக்குறைய 2,900 அடி ஏறுகிறது. அத்தை முழங்காலை அசைக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். கனடாவுக்குள் போகிற நீண்ட பயணம் ஒன்றும் உண்டு, அதற்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் இருக்கவேண்டும். உச்சி வரை போய்த் திரும்புகிறதே போதும்.

கெட்சிகன் மழை ஊர், வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல். குடையை நம்பாதே, ரெயின்கோட் வாங்கு. சில கப்பல்கள் ஊருக்குள் நிற்காமல் ஏழு மைல் தள்ளி வார்ட் கோவ் என்ற இடத்தில் நிற்கும், அங்கேயிருந்து பஸ். சிட்காவிலும் துறை ஊருக்கு வெளியேதான். முழங்கால்வலிக்காரர்களை வைத்துக்கொண்டு போகிறபோது இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுக்கொள்.

இப்போது கப்பலுக்கு வருவோம், நீ கேட்டதே அதுதானே. ராயல் கரீபியனின் ஓவேஷன், நார்வீஜியன் பிளிஸ் மாதிரிக் கப்பல்களில் நாலாயிரம் பேருக்கு மேல் போவார்கள். கையில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன், மழை நாளில் அவர்களை மேய்க்க வேறு வழியில்லை. நீங்கள் நாலு பெரியவர்கள். இரண்டாயிரம் பேர் போகிற ஹாலந்து அமெரிக்கா கப்பல் ஒன்றை வான்கூவரிலிருந்து எடு. கீழ்த்தளத்தில் கப்பலைச் சுற்றி முழுதாக நடக்க ஒரு தளம் இருக்கும், பனிப்பாறை நாளில் முன்மூக்குத் தளத்தையும் திறந்துவிடுவார்கள், மாமாவின் காலை நடையும் கெடாது. ராத்திரி பத்துக்கு மேல் கப்பல் கொஞ்சம் தூங்கி வழியும் என்று சொல்கிறார்கள், உங்களுக்கு அது நல்லதே. நூறு பேருக்கும் குறைவாகப் போகிற சின்னக் கப்பல்களும் உண்டு, கயாக் எல்லாம் இறக்கிவிடுவார்கள், விலையைக் கேட்டால் அத்தான் போனை வைத்துவிடுவார். நீயும் அத்தானும் மட்டும் போவதாக இருந்தால் இது எதுவுமே வேண்டாம் என்று சொல்லி, பெலிங்ஹாமிலிருந்து கிளம்புகிற அலாஸ்கா அரசு ஃபெர்ரியில் ஏற்றிவிட்டிருப்பேன். மேல்தளத்தில் கூடாரத்தைத் தரையோடு டேப் வைத்து ஒட்டிப் படுத்துக்கொண்டு போவார்கள்.

இன்னும் வடக்கே இருக்கிற விட்டியர் துறைமுகத்திலோ சீவர்டிலோ போய் முடிகிற ஒருவழிப் பயணம் பற்றியும் கேட்டிருந்தாய். பனி இன்னும் அதிகம், டெனாலி மலைப் பக்கமும் போகலாம். ஆனால் அலாஸ்கா வளைகுடாவைத் திறந்த கடலில் தாண்டவேண்டும், ஆங்கரேஜிலிருந்து தனியாக விமானம் பிடிக்கவேண்டும். இந்தத் தடவை வேண்டாம்.

கேபினுக்கு ஒரு தந்திரம் சொல்கிறேன். மாமா அத்தைக்கு மட்டும் பால்கனி எடு, உங்களுக்கு அதே நடையில் எதிரே இருக்கிற ஜன்னல் இல்லாத உள்கேபின். பகலெல்லாம் நாலு பேரும் பால்கனியில்தானே உட்காரப்போகிறீர்கள், தூங்குவதற்கு ஜன்னல் எதற்கு? ஜூனில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் இருட்டறையில் நன்றாகவே தூக்கம் வரும். கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் எடு, ஆட்டம் குறைவு. உயிர்காப்புப் படகு பால்கனிக்கு முன்னால் மறைக்கிறதா என்று தள வரைபடத்தில் பார்த்துவிடு.

சாப்பாடு. சைவம் என்று பதிவு செய்யும்போதே எழுது, அதோடு விடாமல் முதல் ராத்திரி சாப்பாட்டு அறைத் தலைமைப் பணியாளரைப் பார்த்து முட்டை, மீன் சாஸ், மாமிச சூப்புத் தண்ணீர் எதுவும் கூடாது என்று சொல். ஒவ்வொரு ராத்திரியும் மறுநாளுக்கான மெனுவைக் காட்டிக் கேட்பார்கள். இந்தியச் சாப்பாடு என்று கேட்டால் பருப்பு, காய்கறிக் குழம்பு, சாதம் செய்து கொடுக்கிற சமையற்காரர்கள் பெரும்பாலும் இருப்பார்கள். பருப்புப்பொடி, ஊறுகாய் எடுத்துப்போகலாம். அத்தை அந்தச் சின்ன ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைக்காமல் பார்த்துக்கொள், சூடாக்குகிற சாமான் எதையும் கப்பலில் விடமாட்டார்கள், ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

விலையை ஒப்பிடும்போது டிப்ஸையும் சேர். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது டாலரை ஒட்டி தானாகவே கணக்கில் ஏறும், நாலு பேருக்கு ஏழு நாள் என்று பெருக்கிப் பார். வைஃபை தனி, கரையில் போகிற சுற்றுலாக்கள் தனி. மாமா அத்தைக்கு எடுத்திருக்கிற பார்வையாளர் இன்சூரன்ஸ் கடலிலும் கனடாவிலும் செல்லுமா, கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கினால் பணம் தருமா என்று இன்சூரன்ஸ்காரரிடம் எழுத்தில் கேள்.

எந்த மாதம் என்றால் மே கடைசி அல்லது ஜூன் முதல் பாதி. அங்கே மழை குறைவான காலம், மலையில் பனி இருக்கும், ஹவாயிலிருந்து திமிங்கிலங்கள் திரும்பி வந்திருக்கும், விலையும் ஜூலை அளவுக்கு ஏறியிருக்காது. சால்மன் மீன் ஓடி வர, கரடி அதைப் பிடிக்கிறதைப் பார்க்க ஜூலை கடைசி, ஆகஸ்ட்தான் சரி, ஆனால் மழையும் கூட்டமும் சேர்ந்து வரும்.

முதல் வேலையாக, மாமாவையும் அத்தையையும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கனடா விசாவுக்குப் போடச் சொல். இங்கே வந்து போட்டால் பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். மிச்சப் பணம் கட்டவேண்டிய கடைசித் தேதி பெரும்பாலும் பயணத்துக்கு மூன்று மாதம் முன்னால் வரும், அதற்கப்புறம் ரத்து செய்தால் பணம் வெட்டுவார்கள், அந்தத் தேதிக்குள் விசா கையில் வந்துவிடவேண்டும். இரண்டு மூன்று தேதிகளைக் குறித்து அனுப்பு, அந்தந்த நாளில் ஜூனோவிலும் ஸ்காக்வேயிலும் எத்தனை கப்பல் நிற்கிறது என்று துறைமுக அட்டவணையைப் பார்த்து நான் சொல்கிறேன்.

தம்பி