மினி பஸ் பாதையை மழையில் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1997-ல் வந்த மினி பஸ் திட்டத்தில் பாதையின் நீளம் 20 கி.மீ.; ஏற்கெனவே பேருந்து ஓடும் சாலையில் 4 கி.மீ. மட்டுமே போகலாம். தாலுகா ஆஸ்பத்திரிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் எட்டாத வண்டியில் யார் ஏறுவார்கள்? 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டம் நீளத்தை 25 கி.மீ. ஆக்கி, அதில் 65 சதவீதம் பேருந்து இல்லாத பகுதியாக இருந்தால் போதும் என்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால், பெர்மிட் கொடுக்கும் முன் அந்த 65 சதவீதச் சாலையை அளந்து பார்க்க வேண்டும்.

கிராமச் சாலைகளில் தார் அகலம் பெரும்பாலும் 3.75 மீட்டர், சில இடங்களில் 3 மீட்டர். எதிரே நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் வந்தால் ஒரு வண்டி பெர்மில், அதாவது தாரை ஒட்டிய மண் ஓரத்தில், இறங்கியே ஆக வேண்டும். நனைந்த பெர்மில் இறங்கிய பஸ் எளிதில் ஏறாது. எனவே 300 மீட்டருக்கு ஒன்றாவது, எதிர் வண்டி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கிராவல் கொட்டி இறுக்கிய ஒதுங்கும் இடம் வேண்டும். கடைசி ஊரில் வண்டி திரும்பச் சுமார் 15 மீட்டர் விட்டத்துக்கு இடம் தேவை. கோயில் திடலோ களமோ இருந்தால் ஊராட்சித் தீர்மானம் போதும். இடமில்லாத ஊரில் ஓட்டுநர் முந்தின ஊரிலேயே வண்டியைத் திருப்பிவிடுவார்; அட்டவணையில் மட்டும் கடைசி ஊர் இருக்கும்.

சாலை கெடுவது பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான். புல்லும் மண்ணும் சேர்ந்து பெர்ம் தார்மட்டத்தைவிட உயர்ந்துவிட்டால் மழைநீர் வடியாமல் தார் விளிம்பில் தேங்கி, அடியிலுள்ள ஜல்லியை இளக்கிவிடும். டெல்டாவில் கேஜ் வீலை (சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரத்தை) கழற்றாமல் தார் மேல் ஓட்டும் டிராக்டரும் சேர்ந்துகொண்டால் ஒரே பருவத்தில் சாலை அரை மீட்டர் குறுகிவிடும். பெர்மைச் செதுக்கி வெளிப்பக்கம் சரிவு கொடுப்பது ஆண்டுக்கொரு முறை, பருவமழைக்கு முன் செய்ய வேண்டிய சின்ன வேலை. ஒப்பந்ததாரரின் ஐந்தாண்டுப் பராமரிப்புக் காலம் முடிந்த சாலைகளில் இதற்கென்று யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

நேரமும் பாதைக்கு நிகரான விஷயம். காலையில் பள்ளி மணிக்கு அரை மணி முன்பு ஒரு நடை, இரவு டவுனிலிருந்து கடைசியாக ஒரு நடை: இவ்விரண்டும் பெர்மிட் நிபந்தனையில் எழுதப்பட வேண்டும். இரவு நடையில் கூட்டம் இருக்காது. முதலில் 'கட்' ஆவது அதுதான். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, தனியார் மினி பஸ்ஸில் உண்டு என்பதால் மெயின் ரோடு வரை நடந்துபோய் ஏறுபவர்களும் இருப்பார்கள். வருமானக் கணக்கைப் போடும்போது ஊரின் தலைக்கணக்கோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூட்டமில்லாத நடையால் வரும் இழப்பை யார் ஏற்பது என்று தீர்மானிக்காமல் இரவு நடையை உரிமையாளர் தலையில் கட்டினால் ஓடாது.

பாதை ஆய்வை மே மாத வெயிலில் நடத்த வேண்டாம். ஐப்பசி அடைமழையில் தரைப்பாலத்தில் தண்ணீர் எத்தனை மணி நேரம் நிற்கிறது, கல்வெர்ட்டை (சாலைக்கு அடியில் நீர் போகும் சிறு பாலத்தை) ஒட்டி மண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, பிறகு பெர்மிட்டில் கையெழுத்துப் போடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்கள் இருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்