சுவைச் சோதனையில் இரட்டைக் கோப்பை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விஸ்கி, ரம், பிராந்தி போன்ற மதுவகைகளைப் பெயர் தெரியாமல் வீட்டிலேயே சுவைத்து ஒப்பிடும் முறை பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். விலையையும் முத்திரையையும் விட்டுவிட்டுத் தன் மூக்கையும் நாக்கையும் நம்பச் சொல்லும் அதன் நோக்கத்தை முழுமனத்துடன் வரவேற்கிறேன். ஆயினும், பாட்டில்களை மறைத்து, கோப்பைகளுக்கு எண் கொடுத்து, மதிப்பெண் போட்டுவிட்டால் சோதனை நிறைவடைந்துவிடும் என்று கட்டுரையாளர் கருதுவதை என்னால் ஏற்க இயலவில்லை. அவ்வாறு செய்தால் எது முதலிடம் பெற்றது என்பது தெரியவரும். அந்தத் தீர்ப்பு எவ்வளவு உறுதியானது என்பது தெரியவராது.

அதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. வரிசையில் உள்ள மதுக்களில் ஏதேனும் ஒன்றை, சுவைப்பவருக்குச் சொல்லாமல், இரண்டு கோப்பைகளில் ஊற்றி வைக்க வேண்டும். ஒரே மதுவுக்கு ஒருவர் ஓரிடத்தில் 8 மதிப்பெண்ணும் இன்னோரிடத்தில் 5 மதிப்பெண்ணும் கொடுத்திருந்தால், வேறு இரு மதுக்களுக்கு இடையே அவர் கண்ட இரண்டு மதிப்பெண் வேறுபாட்டுக்குப் பொருள் எதுவும் இல்லை. இந்த இரட்டைக் கோப்பை இல்லாத எந்தத் தரவரிசையையும் நான் நம்புவதில்லை.

இதற்கு அடுத்த படி, உணவுத் துறையில் நெடுங்காலமாக வழக்கில் உள்ள முக்கோணச் சோதனை. மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒரே மது, ஒன்றில் வேறு மது. வேறானது எது என்று மட்டும் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக அமைந்துவிடும் என்பதால், ஒரு முறை வென்றதைத் திறமையாகக் கொள்ள முடியாது. தொடர்ந்து நான்கு முறையும் தற்செயலாகச் சரியாக அமைவதற்கான வாய்ப்போ 81-இல் 1 மட்டுமே. புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் விளக்கிய தேநீர்ச் சோதனையும் இத்தகையதே. கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்ல முடியும் என்று கூறிய பெண்மணிக்கு 8 கோப்பைகளைக் கலைத்துக் கொடுப்பதாக அமைந்த அந்தச் சோதனையில், வெறும் ஊகத்தால் எல்லாவற்றையும் சரியாகப் பிரிப்பதற்கான வாய்ப்பு 70-இல் 1 என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார்.

நிறத்தைப் பற்றியும் கட்டுரை போதிய கவனம் செலுத்தவில்லை. 2001-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் சேர்த்துக் கொடுத்தபோது, ஒயின் கலை பயின்ற 54 மாணவர்கள் பொதுவாகச் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதன் மணத்தை விவரித்தார்கள். பயிற்சி பெற்றவர்களையே கண் இப்படி இழுத்துச் செல்லுமானால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்காட்ச் விஸ்கியில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கச் சட்டமே இடம் தருவதால், அடர்ந்த நிறம் நெடுநாள் முதிர்ச்சிக்குச் சான்று ஆகாது. ஆகவே, நிறம் தெரியாத கருங்கண்ணாடிக் கோப்பைகளே இதற்கு ஏற்றவை. அவை கிடைக்காவிடில் கோப்பைகளின் வெளிப்புறத்தில் காகிதம் சுற்றி, அறையின் ஒளியைக் குறைத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும் விடத் தீர்ப்பைத் திசைதிருப்புவது ஆல்கஹால் அளவு. 40 விழுக்காடு உள்ள மதுவையும் 60 விழுக்காடு உள்ள மதுவையும் அப்படியே அருகருகே வைத்தால், நாம் அளப்பது பெரும்பாலும் காரத்தைத்தான். 60 விழுக்காட்டு மது 10 மில்லி லிட்டருக்குச் சுமார் 5 மில்லி லிட்டர் தண்ணீர் சேர்த்தால் இரண்டும் சமநிலைக்கு வரும். தண்ணீர் சேர்ப்பது மதுவைக் கெடுப்பதாகும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு, அது தவறு. விஸ்கியின் புகைமணத்துக்குக் காரணமான குவாயகால் போன்ற மூலக்கூறுகள், ஆல்கஹால் அளவு குறையும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வருகின்றன என்பதைச் சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் 2017-இல் கணினி மாதிரிகள் மூலம் காட்டினார்கள்.

ஊற்றுபவர் சுவைக்கும் அறையில் இருக்கக் கூடாது. அவருடைய முகக்குறிப்பே விடையைச் சொல்லிவிடும். புகைமணம் மிகுந்தவற்றை இறுதியில் வைப்பது நல்லது, ஏனெனில் அம்மணம் வாயில் தங்கி அடுத்த கோப்பையைக் கெடுத்துவிடும். மற்றவற்றின் வரிசையை மறுநாள் தலைகீழாக்கி ஒரு முறை சுவைத்துப் பார்க்க வேண்டும். முதல் கோப்பை எதுவாயினும் சற்றுக் காரமாகவே தோன்றும்.

அளவைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு உண்மையாகவே வருத்தம் அளித்தது. கோப்பைக்கு 5 மில்லி லிட்டர் போதும். நுகர்ந்து, வாயில் சுழற்றி, துப்பிவிட வேண்டும். தொழில்முறைச் சுவைஞர்கள் துப்புவது வெறும் சம்பிரதாயம் அன்று: ஆல்கஹால் உள்ளே செல்லச் செல்ல மதிப்பெண்கள் தளர்ந்து, கடைசிக் கோப்பைகளின் தீர்ப்பு பயனற்றுப் போகும். துப்பினாலும் சிறிதளவு உடலில் சேரும் என்பதால், சோதனைக்குப் பின் வாகனம் ஓட்டலாகாது என்பதையும் அக்கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

இனி இத்தகைய சோதனை எதையும் தங்கள் நாளிதழ் வெளியிடும்போது, தரவரிசையுடன் இரட்டைக் கோப்பைகளுக்கு ஒவ்வொருவரும் அளித்த மதிப்பெண்களையும் சேர்த்து அச்சிட வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்