எத்தனை மாத்திரை என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்கள், அதை விற்றுப் பிடிபட்ட கடைகள் என்று அடிக்கடி செய்தி வருகிறது. விற்றவர்கள் உள்ளே போகத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பயத்தில் மற்ற கடைகளில் நடப்பதையும் யாராவது சொல்ல வேண்டும். நான் தேனி மாவட்டத்தில் மருந்துக்கடை நடத்துகிறேன்.

போன மாதம் கடை அடைக்கும் நேரத்துக்கு ஒரு பெண் வந்தார். மாமியாருக்கு மூட்டு மாற்று ஆபரேஷன். அன்றுதான் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘டிராமடால் 50, எஸ்.ஓ.எஸ்.’ என்று மட்டும் இருந்தது. டிராமடால் என்பது போதைப் பழக்கத்துக்கும் இடம் தரும் கடுமையான வலி மாத்திரை; எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும் போட வேண்டும் என்று அர்த்தம். எத்தனை மாத்திரை, எத்தனை நாளைக்கு என்று எதுவும் இல்லை. டாக்டர் கையெழுத்துப் போடும் இடத்தில் ஆஸ்பத்திரி முத்திரை. பஸ் ஸ்டாண்டுப் பக்கக் கடைகளில் ‘ஸ்டாக் இல்லை’ என்றிருக்கிறார்கள். ஒரு கடையில் மட்டும், ‘இதுவும் வலிக்குத்தாம்மா’ என்று டைக்ளோஃபெனாக் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். அந்த மாமியாருக்குச் சர்க்கரை, கிரியாட்டினினும் கூடுதல், அதாவது கிட்னி சரியாக வேலை செய்யவில்லை. அதே சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது! டைக்ளோஃபெனாக்கும் சீட்டுக்குத்தான் தர வேண்டிய மருந்து. ஆனால் அதைப் பற்றி யாரும் வந்து விசாரிப்பதில்லை. கிட்னி போனால் கடைக்காரனுக்கு என்ன?

டூட்டி டாக்டரைப் போனில் பிடித்து, சீட்டைத் திருத்தித் தரச் சொன்னேன். மறுநாள் மகன் போய் வாங்கி வந்தார். அன்றைய ராத்திரியை அந்த அம்மா பாராசிட்டமாலை வைத்தே ஓட்டினார்.

2018-இல் டிராமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தது உண்மை. அதற்காக விற்கவே கூடாது என்று அர்த்தமில்லை. முறையான சீட்டு இருந்து, டாக்டர், நோயாளி, மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் ஹெச்1 பதிவேட்டில் (கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளுக்கான தனிப் பதிவேடு) ஏற்றி, மூன்று வருடம் பாதுகாத்தால் போதும். மொத்தம் எவ்வளவு, எந்த அளவில் என்று சீட்டில் இருக்க வேண்டும் என்பது 1945-ஆம் வருட மருந்து விதிகளில் 65-ஆவது விதி. அதைத்தான் பலர் எழுதுவதில்லை.

‘ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும்’ என்று சொல்லிவிடுவது சுலபம். வலிக்குப் பயந்து மடக்காத முட்டி இறுகிவிடும். வயிற்றில் தையல் உள்ளவர் இருமாமல் அடக்கினால் நெஞ்சில் சளி கட்டும்.

டாக்டர்கள் பாராசிட்டமாலை வேளை தவறாமல் போடச் சொல்லி, அது போதாதபோது மட்டும் டிராமடால் என்று தெளிவாக எழுதட்டும். வலிப்பு உண்டா, தூக்க மாத்திரை, மனநல மாத்திரை சாப்பிடுகிறாரா, குடிப்பவரா என்று கேட்டுவிட்டு எழுதட்டும். மலச்சிக்கல் வரும் என்பதையும் சொல்லி அனுப்பலாம். பத்து மாத்திரை போதுமென்றால் பத்து என்றே எழுதட்டும், நானும் பத்துதான் வெட்டிக் கொடுப்பேன். மிச்சம் பீரோவில் கிடந்து வீட்டுப் பையன் கைக்குப் போகாது.

மருந்து ஆய்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். சோதனைக்கு வரும்போது, பதிவேடு ஒழுங்காக இருக்கும் கடைக்காரரிடம் ‘இதை நீங்கள் ஸ்டாக் வைக்கலாம்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள்.

– ஒரு மருந்தாளுநர், தேனி மாவட்டம்