ராமானுஜன் புதையல் வேட்டைக்கு இன்னும் 14,650 ரூபாய் தேவை

அன்புடையீர், வணக்கம்.

டிசம்பர் 22 நெருங்கிவிட்டது. கணித மேதை ராமானுஜன் பிறந்த நாளன்று கும்பகோணத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் நடத்தும் ஜியோகேச்சிங் விளையாட்டுக்கு இன்னும் 14,650 ரூபாய் சேரவில்லை. 10-ஆம் தேதிக்குள் பாத்திரக் கடைக்கும் அச்சகத்துக்கும் பணம் கட்டியாக வேண்டும்.

விளையாட்டைப் பற்றிப் புதியவர்களுக்கு: 2000 மே மாதம் அமெரிக்காவின் ஓரிகானில் ஒருவர் காட்டில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் சொன்னார். செல்போனை வைத்துக்கொண்டு தேடுவதுதான் ஆட்டம். நம் ஆட்டத்தில் அந்த எண்களையும் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 22, 12, 18, 87 என்று ராமானுஜன் பிறந்த தேதி மேல் வரிசையில் வரும் மாயச்சதுரத்தைக் கொடுப்போம். எப்படிக் கூட்டினாலும் 139. நாலு கட்டம் காலி. அவற்றை நிரப்பினால் பெட்டி இருக்கும் இடம் தெரியும். மகாமகக் குளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கரையில் மண்டபம் 16, சதுரத்தில் கட்டமும் 16. கோயில், மண்டபம் எதிலும் பெட்டி வைக்க மாட்டோம்; பெரியவர்கள் கவலைப்பட வேண்டாம்.

ஈரோட்டில் பிறந்தாலும் ராமானுஜன் நம்ம ஊர்ப் பிள்ளை. சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டில் வளர்ந்து, டவுன் ஹைஸ்கூலில் படித்தவர். காகிதத்துக்குக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்தவர். கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்கவில்லை என்று அவருக்கு உதவித்தொகை நின்றுபோனதும் இதே ஊரில்தான். அன்று கைவிட்டோம். இன்று அவர் குலதெய்வமான நாமகிரித் தாயார் அருளால் கொடுக்கும் நிலையில் இருக்கிறோம்.

போன வருடம் வைத்தது பிளாஸ்டிக் டப்பா. கார்த்திகை மழையில் கண்டுபிடித்தவர் கையெழுத்துப் போட உள்ளே வைத்திருந்த நோட்டு கூழாகிவிட்டது. கணக்கைச் சரியாகப் போட்டு முதலில் வந்த ஆறாம் வகுப்புப் பெண் அதைப் பிழிந்து பார்த்துவிட்டு, "இதுல எங்க சார் கையெழுத்துப் போடுறது?" என்று கேட்டாள். அதனால்தான் இந்த முறை மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா.

டப்பா எட்டு, 3,600. நோட்டு, பென்சில் 800. கேள்வித்தாள் 2,000 பிரதி, 8,000. அறிவிப்புப் பலகை 9,500. முந்நூறு பிள்ளைகளுக்கு எலுமிச்சை சாதமும் மோரும் 12,000. ஆக 33,900. கையில் இருப்பது 19,250.

இதுவரை கொடுத்தவர்களுக்குக் கைகூப்பி நன்றி. மூன்றாம் வருடமாக முதல் ஆளாய்த் தரும் காபிக் கடைக்காரர், ஓய்வூதியம் வந்த அன்றே கவர் கொண்டுவந்த கணக்கு வாத்தியார், சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பழைய மாணவர்கள், சில்லறையாக எண்ணி நூறு ரூபாய் வைத்த வெற்றிலைக் கடை அம்மா. எண்ணும்போது எங்களுக்குத்தான் கூச்சமாக இருந்தது. போன கூட்டத்தில் கைதூக்கியவர்களில் 11 பேர் இன்னும் தரவில்லை. பெயர் போடவில்லை, அவர்களுக்கே தெரியும்.

ஆளுக்கு 1,729 ரூபாய் கொடுங்கள் என்று கேட்கிறோம். அந்த எண் ஏன் என்று வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். ஒன்பது பேர் கொடுத்தால் குறை தீர்ந்து 911 ரூபாய் மிஞ்சும். மோரில் இஞ்சி தாராளமாகப் போடலாம். முடியாதவர்கள் பத்து ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. ஞாயிறு காலை குழுவினர் தெருத் தெருவாக வருவார்கள்.

இப்படிக்கு,
விழாக் குழுவினர்