முனீஸ்வரன் கோவில் தெருக் கடைக்கார அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

போன மாதம் காரைக்குடி வந்தபோது, எனாமல் தூக்குகளுக்குப் பின்னால் கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்து இரண்டு சின்ன இசைத்தட்டுகளை வாங்கிப் போனேனே, நினைவிருக்கிறதா? "சினிமாப் பாட்டுகூட இல்லையே தம்பி, இதை யார் கேட்பா?" என்றீர்கள். அன்றைக்குக் கடையில் கூட்டம். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அது மனதில் கிடந்து உறுத்துகிறது.

இரண்டும் 7 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று வேகம், பக்கத்துக்கு ஒரே பாட்டு. லேபிளில் எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் மூவரும் ஒரே ஆள். கவிஞர் ஒருவர், இசையமைப்பாளர் ஒருவர், பாடகர் ஒருவர் என்றே பாட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அபூர்வம். பெரிய குரல் என்று சொல்ல மாட்டேன். மேல் ஸ்தாயியில் மெலிகிறது. ஆனால் எந்தச் சொல்லில் நிற்க வேண்டும் என்று, தானே எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு பாட்டு முழுக்கக் கடிதம் வராத நாள்களைப் பற்றியது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பார்க்க, போனவர்களின் ஊரில், ஏதோ ஒரு வீட்டில் அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்.

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பாட்டு முடிந்ததும் லேபிளைச் சுற்றி வரும் வெறும் வளையத்தில் ஓர் எண் இருக்கும். பக்கத்துக்கு ஓர் எண். என்னிடம் உள்ள ஒன்றில் 17, 18 என முடிகிறது. மற்றதில் 21, 22. நடுவில் உள்ள 19, 20 வேறு யாருடைய தட்டாகவும் இருக்கலாம். இவருடையதாக இருந்துவிட்டால்? அதனால்தான் கேட்கிறேன்: அந்தப் பெட்டி எந்த ஊர், எந்த வீட்டிலிருந்து வந்தது? பெயர் வேண்டாம், ஊர் தெரிந்தால் போதும்.

உறைகளைத் தயவுசெய்து கழற்றிப் போடாதீர்கள். பாட்டு வரிகளும் ஆண்டும் சில சமயம் அதில்தான் இருக்கும். ஒரு வீட்டுத் தட்டுகளை இன்னொரு வீட்டுத் தட்டுகளோடு கலக்கவும் வேண்டாம். வாசல் வெயில் பட்டால் இந்த வினைல் தட்டு வளைந்துவிடும். உள்ளே நிமிர்த்தி வையுங்கள். பழைய 78 வேகப் பிளேட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. அவை அரக்கில் செய்தவை, கரைந்துபோகும்.

உங்கள் ஊருக்கு இதெல்லாம் புதிதா என்ன? ஏ.வி.எம். மெய்யப்பன் காரைக்குடியில் அப்பாவின் கடையில் இசைத்தட்டு விற்றவர்தானே. அப்புறம் சென்னைக்குப் போய் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் தட்டுகளே வெளியிட்டார்.

பொங்கல் முடிந்த வாரம் வருகிறேன். என் சின்ன பிளேயரையும் கையோடு எடுத்து வருகிறேன். மதியம் கூட்டம் குறைந்ததும் அந்தக் கடிதப் பாட்டை நீங்களும் ஒரு தடவை கேளுங்கள் அண்ணே.

அன்புடன்,
போன மாதம் பதில் சொல்லாமல் போன தம்பி