ஹீட்டர் மெக்கானிக் தம்பிக்கும் உங்கள் எல்லோருக்கும்

அம்மா இப்போது நன்றாகத் தூங்குகிறார். இருமலும் தணிந்திருக்கிறது. தினமும் விசாரித்துக்கொண்டிருந்த உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அம்மா குளிரில் அவதிப்பட்ட அந்த நாட்கள் எப்படிப் போயின என்பது உங்களுக்குத் தெரியும். மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. போர்வை கொண்டுவந்த அக்காமார், தங்கள் வீட்டு ஹீட்டரையே தூக்கிக் கொடுத்தவர்கள், "எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க" என்று அறையை ஒழித்து வைத்த அண்ணன், அண்ணி, நள்ளிரவில் போனை எடுத்த டாக்டர் என்று எல்லோருக்கும் கை கூப்புகிறேன். இந்தக் கடன் தீராது.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாக எழுத வேண்டும். உங்களில் பலர் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஹீட்டரைச் சரிபார்க்க வந்த மெக்கானிக் தம்பி.

பெரிய ஹீட்டராக மாற்றிவிடலாம் என்றுதான் அவரை அழைத்தோம். திறந்து பார்த்துவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கும்மா, சூடுதான் உள்ளே நிக்க மாட்டேங்குது" என்றார். கேட்டதை விற்றுவிட்டுப் போயிருக்கலாம். அவரோ ஊதுபத்தி இருக்கிறதா என்று கேட்டார். ஹீட்டரை அணைத்து, கதவுகளை மூடி, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டார். உள்காற்று வெளியேற வெளியேற, இருக்கிற இடுக்குகளில் எல்லாம் வெளிக்காற்று நுழையும் அல்லவா? ஊதுபத்தியை ஜன்னல் விளிம்போடு மெல்ல நகர்த்தினார். ஜன்னல் கதவு சட்டத்தில் வந்து சேரும் இடத்தில் புகை வளைந்தது. கீழே, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில், அப்படியே படுத்து அறைக்குள் பாய்ந்தது. நேர் எதிரே அம்மாவின் தலையணை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை போர்வை போர்த்தினாலும் அடங்காத குளிருக்கு ஒரு வழி இருந்திருக்கிறது, அதை அடைக்கலாம் என்று தெரிந்த நிம்மதி அது.

அன்று மாலை, வேலை முடிந்து, யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்தார். கையில் வேறெங்கோ மிஞ்சிய ஃபோம் டேப், இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசை பாதி தீர்ந்த ஒரு குழாய். முதலில் கொண்டி மாட்டும் தகட்டைத் திருப்புளியால் நெகிழ்த்திக் கொஞ்சம் நகர்த்தினார். கதவு சட்டத்தோடு இறுகிக்கொண்டது. பிறகு காகிதத்தை இடையில் வைத்து ஜன்னலை மூடி இழுத்துப் பார்த்தார். சுலபமாக உருவிக்கொண்டு வந்த இடங்களில் மட்டும் ஃபோம். ஒட்டுமுன் துடைத்து, ஹேர் டிரையரால் ஈரம் போகக் காயவைத்தார். ஈரத்திலும் குளிரிலும் பசை பிடிக்காதாம். அசையாத சுவரோரத்துக்குத்தான் சிலிக்கான். கடைசியாக, கண்ணாடிக்கு முன்னால் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சட்டத்தில் ஒட்டிச் சூடு காட்ட, அது சுருக்கம் நீங்கி விறைத்து நின்றது. தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அசையாமல் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கும் என்றார்.

எதை அடைக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தாரே, அதை இன்னும் பெரிய உதவியாக நினைக்கிறேன். சட்டத்தின் வெளிப்பக்க அடியில் இருக்கும் சின்னத் துளைகள் தண்ணீர் வடிவதற்கு. சுவரில் இருக்கும் காற்றுத் துவாரம் எங்கள் கேஸ் ஹீட்டருக்குக் கட்டாயம் வேண்டும். அதை மூடினால் கார்பன் மோனாக்சைடு தேங்கலாம். மணமும் நிறமும் இல்லாத விஷம் அது. ஆபத்துக்குத் திறக்கவென்று ஒரு ஜன்னலைத் தாள் ஒட்டாமலே விட்டார். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிடத் துடிக்கிற ஒரு வீட்டில் இதை யாராவது நிதானமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

பணம் நீட்டினேன். "தூக்கிப் போட வேண்டிய மிச்சம்தானேம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார். தம்பி, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். உங்கள் கையும் காலும் நன்றாக இருக்க வேண்டும்.

அடுத்த குளிருக்கு முன்பே நான் உங்கள் வீடுகளுக்கு வரப்போகிறேன். வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கிற வீடுகள் முதலில். ஃபோம் டேப், சிலிக்கான், திருப்புளி எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். ஜன்னலோரத்தில் உட்காரும்போது கழுத்தில் சில்லென்று படுகிறதா? ஒரு வார்த்தை சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்.