மோசெல் கரையில் எங்களை ஆறுதலாக இருக்க வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஜேர்மனிக்கு வந்த பிறகு நானும் என் கணவரும் ஒரு முழுக் கிழமை வேலையில்லாமல் ஒன்றாக இருந்தது இதுதான் முதல் தடவை. அவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. அவர் வீட்டுக்குள் வரும்போது நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து, எங்களைக் கேட்காமலேயே மோசெல் ஆற்றங்கரையில், ட்ராபன்-ட்ரார்பாக்குக்குக் கிட்ட ஒரு சின்னக் கிராமத்தில் வீடு பதிந்து, ரயில் டிக்கெட்டையும் கையில் தந்தார்கள். பிள்ளைகளே, அம்மாவும் அப்பாவும் உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது!

எங்களுக்கு மேல்மாடியைத் தந்த வீட்டுக்கார அம்மாவுக்கு அடுத்த நன்றி. வைன் செய்யும் குடும்பம். நாங்கள் போனது செப்டெம்பர் கடைசி, அறுவடை தொடங்கும் நேரம். அவர்களுக்கு மூச்சு விடவே நேரமில்லை. ஆனாலும் முதல் நாளே, 'நான் மது தொடுவதில்லை, இறைச்சியும் சாப்பிடுவதில்லை' என்று நான் சொன்னதை மறக்காமல் வைத்திருந்தார். அந்தப் பருவத்தில் அங்கே எல்லோரும் ஃபெடர்வைசர் குடிப்பார்கள், நொதித்துக்கொண்டிருக்கும் புது வைன். போத்தலை இறுக்கி மூட முடியாது, மூடினால் வெடித்துவிடும். அதோடு வெங்காயக் கேக். அதில் பன்றி இறைச்சி போடுவது வழக்கம். எனக்கென்று இறைச்சி போடாமல் தனியாக ஒன்று சுட்டு, அன்று பிழிந்த திராட்சைச் சாற்றோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். நாள் முழுக்கத் தோட்டத்தில் நின்று களைத்த மனிசி. அந்தச் சூட்டோடு சாப்பிட்ட ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது.

இப்போது அந்த ஐயாவுக்கு. வீட்டுக்கார அம்மாவின் தகப்பனார். எண்பதைத் தாண்டியவர், இன்னும் தோட்டத்துக்குப் போகிறார். மோசெல் கரைத் தோட்டங்களைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லவேண்டும்: ஆற்றிலிருந்து நேரே மேலே எழும்பும் மலைச்சரிவு. இதே ஆற்றில் ப்ரெம் என்ற ஊரில் உள்ள கல்மொண்ட் தோட்டம் ஏறக்குறைய 65 பாகை சாய்வு. இப்படியான சரிவில் அறுவடை இயந்திரம் நிற்காது, எல்லாம் கையால்தான். நிலத்தில் மண்ணை விடச் சிலேட்டுக் கல்தான் கூட. பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்திருந்து இரவில் விடும். குளிர் நாட்டில் றீஸ்லிங் என்ற வைன் திராட்சை பழுப்பது அதனால்தான் என்று சொல்லி, ஐயா ஒரு துண்டுக் கல்லை என் கணவரின் உள்ளங்கையில் வைத்தார். சூரியன் மறைந்து நல்ல நேரமாகியும் கல் சுட்டது.

என் கணவரின் அப்பா யாழ்ப்பாணத்து உரும்பிராயில் முந்திரிகை, அதாவது திராட்சைத் தோட்டம் வைத்திருந்தவர். அதைக் கேட்டதும் ஐயா எங்களை விடவில்லை. கொடிகளை எப்படிக் கட்டுவீர்கள், எத்தனை தரம் வெட்டுவீர்கள், தண்ணீர் எங்கிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அங்கே ஒவ்வொரு கொடிக்கும் ஒரு மரக் கம்பு, இரண்டு கிளையை வளைத்து இதய வடிவில் அதில் கட்டியிருக்கிறது. எங்கள் ஊரில் தலைக்கு மேல் கம்பிப் பந்தல், குலைகள் கீழே தொங்கும், கிணற்றுத் தண்ணீர். இவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் பந்தலைக் கீறிக் காட்டினார். கொடி வெட்டி வெட்டி வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தரம் பழம் எடுப்போம் என்றதும் ஐயா தொப்பியைக் கழற்றிவிட்டார். தகப்பனைப் பற்றி இவர் இவ்வளவு நேரம் கதைத்து நான் கேட்டதில்லை. ஐயா, அந்தப் பின்னேரத்துக்காக நான் உங்களுக்குக் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன். பல்லுத் தண்டவாளத்தில் ஏறும் அந்தச் சின்ன மோனோராக்கில், பழப்பெட்டிகளுக்கு நடுவில் இவரை உச்சிவரை ஏற்றிக்கொண்டு போனதற்கும் சேர்த்து.

அந்தச் சரிவில் முதுகில் கூடை சுமந்த போலந்து, ருமேனியத் தொழிலாளர்களையும் மறக்கமாட்டோம். மதியச் சாப்பாட்டில் எங்களுக்கும் பாண் வெட்டித் தந்தார்கள். தூர தேசத்தில் வேலை செய்து வீட்டுக்குக் காசு அனுப்புவது என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

பெர்ன்காஸ்டல்-கூஸில் உள்ள புனித நிக்கோலஸ் இல்லத்தில் எங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டிய பெண்ணுக்கும் என் வணக்கம். 1401இல் அந்த ஊரில் பிறந்து கர்தினாலான நிக்கோலஸ் என்ற அறிஞர், 1458இல் கட்டளை எழுதி, 33 ஏழை முதியவர்களுக்காக வைத்த இல்லம். இயேசு வாழ்ந்த வயதைக் கணக்கு வைத்து 33. நிக்கோலஸின் உடல் ரோமில், இருதயம் மட்டும் இங்கே தேவாலயத் தரைக்குக் கீழே. இல்லத்துக்குச் சொந்தமான திராட்சைத் தோட்டங்களின் வருமானம் அதைத் தாங்கி வந்திருக்கிறது, இன்றும் அங்கே முதியவர்கள் இருக்கிறார்கள். நான் முதியோரைப் பராமரிக்கிறவள் என்று தெரிந்ததும், பழைய கையெழுத்துப் பிரதிகள் நிறைந்த நூலகத்தை ஆறுதலாகக் காட்டினார். முற்றத்தில் இருந்த ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நல்ல வேலை செய்கிறாய்' என்றார். வேலையிடத்தில் இப்படி ஒரு சொல்லைக் கேட்பது அரிது. அழுதேவிட்டேன்.

என் கணவரின் முழங்கால் நோவைப் பார்த்து, தரிப்பில் காத்துநின்ற பேருந்துச் சாரதிக்கும், பூட்டும் நேரத்தில் கதவைத் திறந்து மருந்து தந்த மருந்தகத்துப் பிள்ளைக்கும் நன்றி.

என்னோடு வேலை செய்யும் தோழிகளே, அறுவர் என் நேரங்களைப் பங்குபோட்டு எடுத்திராவிட்டால் இதில் எதுவும் நடந்திராது. உங்களில் எல்லோருக்கும் சின்னப் பிள்ளைகள். அதனால் இந்த நத்தாருக்கு 24ஆம், 25ஆம் திகதி வேலையை நான் எடுக்கிறேன். மேலாளரிடம் சொல்லிப் பட்டியலில் பெயரும் எழுதியாகிவிட்டது.

நன்றியுடன்,
டோட்முண்டிலிருந்து நாங்கள் இருவரும்